ஒரு கலசம் தண்ணீர்: சிறு தயவைக் குறித்த இறையியல் சிந்தனைகள்

மத்தேயு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தின் இறுதி வசனம் நம் சபை மக்கள் அனைவருக்கும் நன்கு பழக்கமானது. சிறியவர் ஒருவருக்கு ஒரு கலசம் தண்ணீர் மட்டும் கொடுப்பவரும் தமக்குரிய பலனை இழந்துபோவதில்லை என்று ஆண்டவர் அங்கு உறுதி கூறுகிறார். பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும், ஓய்வுநாட்பள்ளி ஆண்டு விழாக்களிலும், அறுப்பின் பண்டிகை நாளிலும் இவ்வாக்கு எடுத்துரைக்கப்படுகிறது. மருத்துவமனை கட்டவும் பள்ளிக்கூடம் நிறுவவும் வசதியற்ற எளிய விசுவாசிக்கு, அவர் செய்யும் சிறு உதவியையும் கடவுள் கணக்கில் கொள்கிறார் என்னும் ஆறுதல் இதனால் கிடைக்கிறது. இவ்வாறு போதிப்பதில் பிழை ஏதுமில்லை.

எனினும், இவ்வளவோடு நின்றுவிட்டால் அவ்வாக்கின் கூர்மை மழுங்கிப்போகிறது. சிறு தயவு என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் நீதிபோதனை அளவில் சுருங்கிவிடுகிறது. மேலும் ஒரு வினா எழுகிறது. தயவு எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. சமயம் ஏதும் இல்லாதாரிடமும் உண்டு. அவ்வாறாயின் சிறு தயவு எவ்வகையில் கிறிஸ்தவ விசுவாசத்தின் வெளிப்பாடு ஆகிறது? இவ்வினாவுக்கு விடை காணத் திருமறையை ஒரு கையிலும், மேட்டுப்பாளையத்தையும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டு வாழ்வையும் மறு கையிலும் வைத்துக்கொண்டு சிந்திப்பது நம் நோக்கமாகும்.

1. சொல்லும் சூழலும்

மத்தேயு பயன்படுத்தும் கிரேக்கத் தொடரில் தண்ணீர் என்னும் சொல்லே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. "குளிர்ந்தது நிறைந்த ஒரு கலசம்" என்பதே அதன் நேர்பொருள். வெயில் மிகுந்த பாலஸ்தீன நாட்டில் குளிர்ந்தது என்றால் அப்பொழுதே கிணற்றிலிருந்து இறைத்து வந்த நீர். வீட்டு மூலையில் வெதுவெதுப்பாய்க் கிடக்கும் மிச்ச நீரன்று. கொடுப்பவர் எழுந்து, கிணறு வரை நடந்து, கயிற்றைப் பிடித்து இறைக்க வேண்டும். ஆகவே செயல் சிறியதாயினும் அதில் ஓர் உழைப்பு அடங்கியுள்ளது.

தமிழில் இக்கருத்தைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. தண்மை உடைய நீரே தண்ணீர். இரக்கம் என்பதற்கு நம் முன்னோர் வழங்கிய சொற்களுள் ஒன்று தண்ணளி. இரக்கமற்றவனை நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று இன்றும் மக்கள் கூறுகின்றனர். குளிர்ச்சியையும் நீரையும் அன்போடு இணைத்தே எண்ணும் மொழி நம்முடையது. ஆகவே தமிழ் வாசகருக்கு இவ்வசனம் அந்நியமான ஒன்றாகத் தோன்றுவதில்லை.

இனி, "சிறியர்" எனப்படுவோர் யாவர் என்று காண வேண்டும். பசித்த ஏழைகள், ஆதரவற்ற குழந்தைகள் என்றே நாம் உடனடியாகப் பொருள் கொள்கிறோம். ஆனால் 10ஆம் அதிகாரம் முழுவதும் சீஷர்களை ஆண்டவர் ஊழியத்திற்கு அனுப்பும் பகுதியாகும். பொன்னையும் வெள்ளியையும் செம்பையும் எடுத்துச் செல்லலாகாது. பையும் இரண்டு அங்கிகளும் வேண்டா என்று 9, 10ஆம் வசனங்களில் அவர் கட்டளையிடுகிறார். அவ்வாறு வெறுங்கையராய் வழிநடந்து, முன்பின் அறியாத ஊரின் வாசலில் நின்று, தாகத்தோடு காத்திருக்கும் சீஷரையே இறுதி வசனம் சிறியர் என்று அழைக்கிறது. மாற்கு 9:41 இதனை இன்னும் தெளிவாக்குகிறது. கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக உங்களுக்குத் தண்ணீர் கொடுப்பவர் என்றே அங்கு சொல்லப்படுகிறது.

இதன் விளைவு பெரிது. இவ்வசனத்தில் தண்ணீர் கொடுப்பவர் சபைக்கு வெளியே இருப்பவர். தண்ணீரைப் பெறுபவர் சீஷர். பல தலைமுறைகளாக நாம் இதனை வாசிக்கையில் கலசத்தை நம் கையில் வைத்துக்கொண்டே வாசித்திருக்கிறோம். ஆண்டவரோ நம்மைத் தாகத்தோடு வாசலில் நிற்கும் நிலையில் வைத்தே இதனைச் சொன்னார். தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தலைப் பேசும் 25ஆம் அதிகாரம் நம்மைக் கொடுப்போராக நிறுத்துகிறது என்பது உண்மையே. ஆனால் 10ஆம் அதிகாரத்தைக் கற்காமல் 25ஆம் அதிகாரத்தைச் செய்ய முற்படுபவர், பெறுபவரின் நெஞ்சை அறியாமல் கொடுப்பவராகவே இருப்பார்.

2. பெறுவதற்குக் கற்ற ஊழியர்கள்

இக்கருத்து ஒரு வசனத்தில் மட்டும் நிற்பதன்று. எலியா தீர்க்கதரிசி பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊரின் வாசலில் ஒரு விதவையைக் காண்கிறார் (1 இராஜாக்கள் 17). அவள் இஸ்ரவேலைச் சேர்ந்தவளல்லள், சீதோன் நாட்டாள். தீர்க்கதரிசி முதலில் அவளிடம் கேட்பது குடிக்கக் கொஞ்சம் தண்ணீர். அதன் பின்னரே ஓர் அடை. நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஆண்டவர் இந்நிகழ்ச்சியை நினைவூட்டியபொழுது கேட்டவர் கோபமடைந்தனர் என்று லூக்கா 4ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்நியப் பெண் ஒருத்தியின் கையால் தீர்க்கதரிசி பிழைத்தார் என்பதை அவர்களால் தாங்க இயலவில்லை.

யோவான் 4ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே தண்ணீர் கேட்கிறார். நடுப்பகல் வெயிலில், யாக்கோபின் கிணற்றருகே, சமாரியப் பெண் ஒருத்தியிடம் கேட்கிறார். யூதர் சமாரியரோடு சம்பந்தம் கலப்பதில்லை என்னும் பொருளில் அங்கு வரும் கிரேக்கச் சொல்லுக்கு, ஒரே பாத்திரத்தைச் சேர்ந்து பயன்படுத்துதல் என்று பொருள் கொள்ளும் விளக்கவுரையாளர் பலர் உளர். அவ்வாறாயின் அவளுடைய வியப்பின் காரணம் நமக்கு எளிதில் விளங்கும். இவர் என் குடத்தில் வாய் வைப்பாரா என்பதே அவளுடைய வினா. ஜீவத் தண்ணீரைத் தர வந்தவர், முதலில் அவளுடைய குடத்துத் தண்ணீரை வேண்டுகிறவராக வருகிறார்.

பவுல் அப்போஸ்தலரின் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறியபொழுது, மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்கு அத்தீவின் மக்கள் நெருப்பு மூட்டினர் (அப்போஸ்தலர் 28). லூக்கா அச்செயலுக்கு மனித நேயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். நற்செய்தியைக் கேட்டிராத மக்களின் தயவை அவர் குறைத்துக் கூறவில்லை. அதே இடத்தில் பவுலும் சுள்ளிகளைப் பொறுக்கி வந்து நெருப்பில் போடுகிறார். தயவைப் பெற்றவர் அதே நெருப்புக்கு விறகு சேர்ப்பதை இங்குக் காண்கிறோம். சபைக்கும் அயலாருக்கும் இடையே இருக்க வேண்டிய உறவுக்கு இதனினும் நல்ல சித்திரம் வேறில்லை எனலாம்.

3. கிருபையும் பலனும்

நம் சீர்திருத்தத் திருச்சபையினருக்கு இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. தண்ணீர் கொடுப்பதற்குப் பலன் உண்டு என்றால், கிரியைகளால் நீதிமானாகும் போதனை பின்வாசல் வழியே உள்ளே வந்துவிடாதா?

மார்ட்டின் லூதர் 1520ஆம் ஆண்டில் கிறிஸ்தவனின் சுதந்திரம் குறித்து எழுதிய நூலில் இதற்கு விடை உண்டு. விசுவாசத்தினால் கிறிஸ்துவில் அனைத்தையும் பெற்றுவிட்ட மனிதனுக்கு, தன் செயல்களால் கடவுளிடம் ஈட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே அவனுடைய கைகள் விடுதலை பெறுகின்றன. அவை முழுவதும் அயலானுக்கு உரியவை ஆகின்றன என்பது அவரது வாதத்தின் சாரம். தன் இரட்சிப்பின் கணக்கை எண்ணிக்கொண்டே கொடுப்பவன் தாகத்தோடு நிற்பவனின் முகத்தைக் காண்பதில்லை. கணக்கு முடிந்துவிட்டது என்று அறிந்தவனே அம்முகத்தைக் காண்கிறான். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நீதிமான்கள் தாங்கள் செய்ததை அறியாதிருப்பது இதனாலேயே. எப்பொழுது உமக்குக் கொடுத்தோம் என்று அவர்கள் வியந்து கேட்கிறார்கள். பலன் அங்குக் கூலியன்று. எதிர்பாராமல் கிடைக்கும் கொடை.

கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனிகளுள் ஒன்றாகத் தயவு சொல்லப்படுகிறது. அதற்குரிய கிரேக்கச் சொல்லின் வேர் "கிறேஸ்தோஸ்". நன்றியற்றவர்க்கும் தீயவர்க்கும் கடவுள் நன்மை செய்கிறவராயிருக்கிறார் என்னும் லூக்கா 6:35இலும் இச்சொல்லே வருகிறது. ஆண்டவருடைய நுகம் கழுத்தை உறுத்தாத நுகம் என்னும் மத்தேயு 11:30இலும் இச்சொல்லே. "கிறிஸ்தோஸ்" என்னும் பெயரோடு இது ஓசையில் நெருங்கியிருந்தமையால் பழைய உரோமர் சிலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டனர். கிறிஸ்தவர் என்பதைத் தவறாக உச்சரிப்பவரும் தம்மை அறியாமல் தயவுடையோர் என்றே அழைக்கின்றனர் என்று தெர்த்துல்லியன் தம் காலத்தில் சுட்டிக்காட்டினார். கி.பி. 362இல் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் யூலியன், கலிலேயர் தம்முடைய ஏழைகளை மட்டுமன்றிப் பிறருடைய ஏழைகளையும் தாங்குகின்றனர் என்று மனங்கசந்து எழுதினார். உச்சரிப்புப் பிழைக்கும் பகைவரின் குறைகூறலுக்கும் பொருந்தும்படி அன்றைய சபையின் வாழ்க்கை இருந்தது.

கோயம்புத்தூர்ப் பகுதிக்கு இவ்வுண்மையைத் தமிழ் மரபில் நின்று விளக்கிய ஒருவர் வாய்த்தார். 1950ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்த் திருமண்டிலம் உருவானபொழுது அதன் முதற் பேராயராகப் பொறுப்பேற்றவர் ஏ. ஜே. அப்பாசாமி. யோவான் எழுதிய நூல்களைப் பக்தி மார்க்கத்தின் ஒளியில் ஆராய்ந்து 1920களிலேயே நூல் எழுதியவர் அவர். கடவுளில் நிலைத்திருத்தலும் அன்பில் நிலைத்திருத்தலும் யோவானுக்கு வேறல்ல என்பது அவ்வாராய்ச்சி நமக்குத் தரும் பாடம். பக்தி உள்ளத்தில் ஊறும் நீராயின், தயவு அது வெளியே வழியும் வாய்க்கால் ஆகும்.

4. தண்ணீர்ப் பந்தல்

மேட்டுப்பாளையம் வழிப்போக்கரின் ஊர். நீலமலையின் அடிவாரத்தில், பவானி ஆற்றின் கரையில் அமைந்தது. 1899ஆம் ஆண்டில் இங்கிருந்து குன்னூருக்கு மலை இரயில் ஓடத் தொடங்கியது. 1908இல் அது உதகமண்டலம் வரை நீண்டது. உதகைக்கும் கோத்தகிரிக்கும் செல்லும் சாலைகள் இவ்வூரிலேயே பிரிகின்றன. மலையில் விளையும் உருளைக்கிழங்கும் காய்கறிகளும் இங்குள்ள மண்டிகளில் இறங்குகின்றன. சுமை தூக்குவோர், லாரி ஓட்டுவோர், சுற்றுலா வருவோர், அம்மன் கோவிலுக்கு வருவோர் எனப் பலரும் கூடும் இடம் இது. ஆறு ஓடும் இவ்வூருக்குக் கிழக்கே சில மைல் தொலைவு சென்றால் அன்னூரும் அவிநாசியும் வறண்ட பூமி. பவானியின் உபரி நீரை அப்பகுதிக்குக் கொண்டுசெல்லும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவந்தனர். 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திட்டம் 2024 ஆகஸ்ட் 17ஆம் நாளில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நீரின் அருமையை இவ்வட்டாரத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

கோடைக் காலத்தில் சாலையோரங்களில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது தமிழ்நாட்டின் பழமையான அறம். சைவ மரபில் இதற்குச் சான்றாக நிற்பவர் திங்களூரைச் சேர்ந்த அப்பூதியடிகள். அவர் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின்மேல் கொண்ட அன்பினால், தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு அவருடைய பெயரையே இட்டார் என்று பெரிய புராணம் கூறுகிறது. பொருள் அவருடையது, உழைப்பு அவருடையது, பெயரோ இன்னொருவருடையது.

சீஷன் என்னும் பெயரினிமித்தம் கொடுத்தல் என்று ஆண்டவர் கூறியதன் பொருளை விளங்கிக்கொள்ள இது நமக்குப் பெரிதும் துணைசெய்கிறது. ஒருவருடைய பெயரால் கொடுத்தல் என்பது அப்பெயரைப் பலகையில் எழுதுவதன்று. தன் பெயரை மறைத்துக்கொள்வதே. இவ்விடத்தில் நம் சபைகளின் வழக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலயத்தின் மின்விசிறி இறக்கையிலும், சுவர்க் கடிகாரத்திலும், பெஞ்சின் முதுகிலும் கொடுத்தவர் பெயரை எழுதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் கட்டளையைக் கேட்கும் மக்கள், அதனைக் கேட்கையில் பெயர் எழுதிய விசிறியின் கீழே அமர்ந்திருக்கின்றனர். அப்பூதியடிகள் நம் சபையினர் அல்லர். ஆயினும் இக்காரியத்தில் அவர் நமக்கு ஆசிரியராக இருக்கத் தகுந்தவர்.

5. குவளையும் குலமும்

கொங்கு நாட்டு வீடுகளில் விருந்தினர் வந்தவுடன் செம்பில் தண்ணீர் கொடுப்பதே முதல் உபசாரம். "வாங்க, தண்ணி குடிங்க" என்னும் அழைப்புக்குப் பின்னரே மற்றப் பேச்சு. இது போற்றத்தக்க பண்பாடு. ஆனால் அச்செம்பு எந்த வாசல் வரை வந்தது, யாருடைய கைக்குச் சென்றது என்னும் வினாவையும் நாம் கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை, கொங்கு மாவட்டங்கள் உட்படத் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருந்துவந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இலும் 1989இலும் அதற்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் பின்னரும் அம்முறை வெவ்வேறு உருவங்களில் நீடித்ததைச் செய்திகள் பலமுறை வெளிப்படுத்தியுள்ளன. 1927 மார்ச் 20ஆம் நாளில் அம்பேத்கர் மகாத் நகரின் பொதுக்குளத்தில் இறங்கித் தம் மக்களோடு தண்ணீர் பருகினார். ஒரு கை நீரைப் பருகுவதற்கு ஒரு போராட்டம் வேண்டியிருந்த நாடு இது. அத்தகைய நாட்டில் ஒரு கலசம் தண்ணீரைச் சிறிய காரியம் என்று எவ்வாறு கூற இயலும்?

சபையும் இதற்கு விலக்காக இருந்ததில்லை. 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அறவே நீக்கப்பட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தபொழுது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். ஒரே பாத்திரத்தில் பருகும் திருவிருந்தைக் காட்டிலும் தம் குலம் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியது. ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழிந்தும் கல்லறைத் தோட்டங்களிலும் திருமணப் பேச்சுகளிலும் அவ்வேறுபாட்டின் நிழலைக் காண்கிறோம்.

ஆகவே விசுவாசத்தின் வெளிப்பாடாகிய சிறு தயவை அளக்கும் முதல் அளவுகோல், நாம் யாருக்குத் தண்ணீர் கொடுத்தோம் என்பது மட்டுமன்று. யாருடைய கையிலிருந்து வாங்கிக் குடித்தோம் என்பதுமாகும். கொடுப்பவரின் கை மேலே இருக்கும். வாங்குபவரின் கை கீழே இருக்கும். தாழ்ந்தவர் எனக் கருதப்படுபவருக்குக் கொடுப்பதில் உயர்ந்தவர் தம் உயர்வை இழப்பதில்லை. சில வேளைகளில் அதனை உறுதிப்படுத்திக்கொள்கிறார். அவர் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்கும்பொழுதே அவ்வுயர்வு உடைகிறது. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் செய்தது இதுவே.

6. கண்ணியம் காக்கும் ஈகை

இரண்டாவது அளவுகோல், பெறுபவரின் கண்ணியம். லேவியராகமம் 19ஆம் அதிகாரம் வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது என்று கட்டளையிடுகிறது. ஏழைக்கு அறுத்துக் கட்டிக் கொடு என்று அது கூறவில்லை. அவரே வந்து தம் கையால் சேர்த்துக்கொள்ள இடம் விடு என்கிறது. ரூத் 2ஆம் அதிகாரத்தில் போவாஸ் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறார். அரிகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே சிந்திவிடும்படி தம் வேலையாட்களுக்கு அவர் இரகசியமாகச் சொல்கிறார். ரூத் மாலையில் வீடு திரும்புகையில் அவள் சுமந்து சென்றது தன் உழைப்பின் பலன். போவாசின் தயவு அதனுள் மறைந்திருந்தது.

கோவை மாவட்டத்தின் வடிவேலம்பாளையத்தில் வாழும் கமலாத்தாள் என்னும் மூதாட்டியை இங்கு நினைவுகூரலாம். விறகடுப்பில் இட்டலி வேகவைத்து, சட்டினி சாம்பாரோடு ஒன்று ஒரு ரூபாய்க்கு அவர் விற்றுவந்த செய்தி 2019ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவியது. கூலி வேலை செய்வோர் வயிறார உண்ண வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கிலும் அவர் விலையை உயர்த்தவில்லை. பின்னர் தொழிலதிபர் ஒருவரின் உதவியால் 2022இல் அவருக்குப் புதிய வீடு கிடைத்தது.

இச்செயலில் நாம் கவனிக்க வேண்டியது அந்த ஒரு ரூபாய். அதனை வாங்காமலே கொடுத்திருந்தால் அது அன்னதானம்; உண்பவர் வரிசையில் கையேந்தி நிற்பவர். ஒரு ரூபாயை வாங்கிக்கொண்டதால் உண்பவர் வாடிக்கையாளர் ஆகிறார். இன்னும் இரண்டு வை என்று கேட்கும் உரிமை உடையவர் ஆகிறார். போவாஸ் வயலில் கதிரைச் சிந்திவிட்டார். இம்மூதாட்டி விலைக்குள் தம் தயவைச் சிந்திவிட்டார். கிறிஸ்துமஸ் நாளில் புகைப்படக் கருவியின் முன்னே விதவைகளை வரிசையாக நிறுத்திச் சேலை வழங்கும் நம் விழாக்களை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. யோப்பா பட்டணத்து விதவைகளும் தபீத்தாள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளைக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 9). ஆனால் அவர்கள் அதனைத் தாங்களாகவே, அவள் இறந்த பின்னர், கண்ணீரோடு காட்டினார்கள்.

7. நடூர்ச் சுவரின் முன்னே

சிறு தயவைக் குறித்த எந்த இறையியலும் மேட்டுப்பாளையத்தில் ஓரிடத்திற்குச் சென்று நின்றாக வேண்டும். 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், கனமழையின்போது, நடூர்ப் பகுதியில் உயர்ந்த மதிற்சுவர் ஒன்று சரிந்து அருகிலிருந்த வீடுகளின்மேல் விழுந்தது. உறக்கத்திலிருந்த 17 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்கள் தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அச்சுவரின் ஆபத்தைக் குறித்து அங்கு வாழ்ந்தோர் முன்னரே முறையிட்டிருந்தனர் என்று அன்றைய செய்திகள் கூறின. அது தங்களைப் பிரித்துவைக்க எழுந்த சுவர் என்று பலர் குற்றஞ்சாட்டினர்.

சுவர் விழுந்த பின்னர் உணவும் உடையும் போர்வையும் கொண்டுவருவது தயவுதான். மெலித்தா தீவின் மக்கள் மூட்டிய நெருப்பைப் போன்றதே. அதனை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் குளிரில் நடுங்குபவருக்கு அந்தப் போர்வை அவ்விரவில் தேவை. எனினும் ஆபத்து உண்டு என்று முறையிட்ட மக்களின் குரலுக்குச் செவிகொடுப்பதும், விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும், அலுவலகத்திற்கு அவரோடு நடந்து செல்வதும் தயவே அல்லவா? அவையும் சிறு செயல்களே. ஒரு தாளும் ஒரு நாட்பொழுதும் போதும். ஏசாயா 58ஆம் அதிகாரம் நுகத்தடிகளை உடைப்பதையும் பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதையும் ஒரே மூச்சில் பேசுகிறது. முந்தியதைச் செய்பவர் பிந்தியதைச் சிறுமையாக எண்ணலாகாது. பிந்தியதைச் செய்பவர் முந்தியதைத் தம் வேலையன்று எனத் தள்ளலாகாது. சுவர் நிற்கும்வரை வாளாவிருந்து, விழுந்த பின் போர்வை கொண்டுவரும் சபை, தன் தயவைப் பாதியிலேயே நிறுத்திவிட்ட சபையாகும்.

அத்துயரத்தின் நடுவே வேறொன்றும் நிகழ்ந்தது. இரு பிள்ளைகளையும் இழந்த தந்தை ஒருவர், அவர்களுடைய கண்களைத் தானமாக அளித்தார் என்று செய்தி வந்தது. எந்தச் சுவருக்கு அப்பால் உள்ளவருக்கு அக்கண்கள் பொருத்தப்படும், அவர் எக்குலத்தார் என்று அவர் கேட்டிருக்க இயலாது. கண்தானத்தில் பெறுபவரின் பெயர் கொடுப்பவருக்குச் சொல்லப்படுவதில்லை. நாம் உதவி கொண்டுசென்று கொடுக்க வேண்டிய இடம் என்று எண்ணிய வாசலிலிருந்தே உலகிற்கு ஒரு கொடை வந்தது. சாறிபாத்தின் விதவையும் இவ்வாறே தன் கடைசிப் பிடி மாவிலிருந்து கொடுத்தாள். இத்தகையோரின் முன்னே சபை போதிக்கிறவளாக நிற்க இயலாது. கற்கிறவளாகவே நிற்க இயலும்.

8. சபை வாழ்வுக்குச் சில குறிப்புகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து நடைமுறைக்கு உரிய சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, ஆயர்கள் வீடு சந்திக்கச் செல்கையில் எளியவர் வீட்டில் தண்ணீர் வாங்கிப் பருகுவதை ஊழியத்தின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும். நேரமில்லை என்று மறுத்துவிட்டு அடுத்த தெருவில் வசதியுள்ளவர் வீட்டில் காப்பி அருந்தும் ஆயரைச் சபையார் கவனிக்கத் தவறுவதில்லை. பத்து மறையுரைகளால் கற்பிக்க இயலாததை ஒரு செம்புத் தண்ணீர் கற்பித்துவிடும்.

இரண்டாவது, நம் வீடுகளில் வேலைசெய்ய வருபவருக்கு எந்தக் குவளையில் காப்பி கொடுக்கிறோம் என்பதைக் குடும்ப ஜெபத்தின் பொருளாக்க வேண்டும். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைக் கண்டிக்கும் நாம், நம் சமையலறை அலமாரியின் மூலையில் தனியே கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரை மறந்துவிடலாகாது.

மூன்றாவது, கோடை மாதங்களில் ஆலய வாசலில் மண்பானையில் நீர் வைப்பது எளிது. சபையின் பெயரையோ கொடுத்தவரின் பெயரையோ எழுதாமல் வைப்பதே சற்றுக் கடினம். நாள்தோறும் பானையைக் கழுவி நிரப்பும் பொறுப்பை ஏற்பவர் இருந்தால் மட்டுமே அதனைத் தொடங்க வேண்டும். முதல் நாளில் விழா நடத்தி மூன்றாம் நாளில் வறண்டு கிடக்கும் பானை, வைக்காத பானையைவிடப் பெரிய இடறல்.

நான்காவது, உதவி பெறுபவரும் கொடுப்பதற்குச் சபையில் இடம் இருக்க வேண்டும். முதியோர் உதவித் தொகை பெறும் பாட்டி, சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம், நோயுற்றவருக்காக ஜெபிக்கலாம், காணிக்கைப் பெட்டியில் தம் நாணயத்தை இடலாம். அதனை வேண்டா என்று தடுப்பது இரக்கமன்று. ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டவர் அந்த ஏழை விதவையைத் தடுக்கவில்லை (மாற்கு 12). அவள் கொடுத்ததை மற்றெல்லார் கொடுத்ததைவிடப் பெரிதாக மதித்தார்.

சிறு தயவு விசுவாசத்தின் வெளிப்பாடு ஆவது அதன் அளவினாலன்று. அதனைச் செய்பவர் தம்மை எங்கு நிறுத்திக்கொள்கிறார் என்பதினாலேயே. கிருபையைப் பெற்றவர் என்று தம்மை அறிந்தவர், மற்றவரிடமிருந்து பெறுவதற்கு வெட்கப்படுவதில்லை. பெறுவதற்கு வெட்கப்படாதவரே பிறரை வெட்கப்படுத்தாமல் கொடுக்க வல்லவர். சிலுவையில் ஆண்டவர் தாகமாயிருக்கிறேன் என்றார். அவருடைய ஊழியத்தின் இறுதி மணிநேரத்திலும் அவர் தண்ணீர் கேட்கிறவராகவே இருந்தார். அவருடைய பெயரைத் தரித்த நாமும் அயலார் வாசலில் தாகத்தோடு நிற்கவும், நம் வாசலில் நிற்பவருக்குக் குளிர்ந்த நீரை இறைத்துத் தரவும் கற்றுக்கொள்வோமாக.